போருக்குப் பிந்தைய அமெரிக்கா: கேட்டதும் சொன்னதும்

வங்கியில் வேலை பார்க்கும் நண்பர்: இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு வீடு வாங்கப் பணம் ஏது சார்?

கடன்தான். 1944-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட, போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கான ஜி.ஐ. சட்டப்படி, வங்கிக் கடனில் ஒரு பங்குக்கு அரசே ஜாமீன் நின்றது. முன்பணம்கூடக் கேட்காமல் கடன் கொடுக்க வங்கிகளுக்குத் தைரியம் வந்தது அதனால்தான். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில், 1947-இல் லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பு எழும்பத் தொடங்கியது. ஒரு வீடு கட்டும் வேலையை 27 படிகளாகப் பிரித்தார்கள். தரை போடுகிற குழு தரை மட்டும் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போய்விடும். பெயின்ட் அடிப்பவர் பெயின்ட் மட்டும். மும்முரமாக நடந்த நாட்களில் தினம் 30 வீடு! 1949-இல் வந்த மாடல் 7,990 டாலர்.

கல்லூரி மாணவி: கறுப்பின வீரர்களுக்கும் கிடைத்ததா?

இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். சட்டத்தில் நிறம் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் கடன் தருவது உள்ளூர் வங்கியாயிற்றே. மிசிசிப்பியின் 13 ஊர்களில் 1947-இல் கொடுத்த 3,229 ஜாமீன் கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டு. லெவிட்டவுன் ஒப்பந்தமோ வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாது என்று அச்சிலேயே சொன்னது. வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் தங்கலாமாம். இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தரக் கூடாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாசகம் போனது, வழக்கம் போகவில்லை. நடுத்தர வர்க்கத்துக்குச் சொத்து என்றால் வீடுதான். அப்போது வாங்கியவரின் பேரனுக்கும் வாங்க முடியாதவரின் பேரனுக்கும் இடையே இன்று தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கே விழுந்தது.

ஆடிட்டர் ஒருவர்: வருமான வரி 91 சதவீதம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், ஆனால் உச்சப் படிக்கு மட்டும். தனிநபருக்கு 2,00,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்குத்தான் அந்த விகிதம். பங்கு விற்ற லாபத்துக்குச் சுமார் 25 சதவீதம்தான் என்பதால், கெட்டிக்காரர்கள் வருமானத்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

இல்லத்தரசி: அந்தக் கால விளம்பரங்களில் பெண்கள் எல்லாம் சமையலறையிலேயே இருக்கிறார்களே?

விளம்பரத்தில் இருந்தார்கள். போர்க்காலத் தொழிற்சாலை வேலையிலிருந்து அனுப்பப்பட்டது உண்மைதான். ஆனாலும் 1940-இல் மணமான பெண்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் வேலை பார்த்தார். 1960-இல் அது பத்தில் மூன்று. அலுவலகம், கடை, பள்ளிக்கூடம் என்று போனார்கள், அதுவும் குறைந்த சம்பளத்துக்கு.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: மெக்கார்த்தியிடம் உண்மையிலேயே பட்டியல் இருந்ததா?

1950 பிப்ரவரியில் வீலிங் நகரில் பேசிய செனட்டர் மெக்கார்த்தி, அமெரிக்க வெளியுறவுத் துறைக்குள் 205 கம்யூனிஸ்டுகள் என்றார் என்று பத்திரிகையில் வந்தது. சில நாளில் அவரே 57 என்றார். பட்டியலின் யோக்கியதை அவ்வளவுதான். 1954-இல் ராணுவத்தோடு மோதிய விசாரணை டிவியில் ஓடியது; அவர் பேசும் தோரணையை ஜனங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே பார்த்தார்கள். டிசம்பரில் செனட் 67-க்கு 22 என்று கண்டித்தது.

ஐ.டி. ஊழியர்: அப்போது நம்மவர்கள் ஏன் போகவில்லை?

1946-இல் வந்த சட்டம் இந்தியர்களுக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 100 இடம். 1965 வரை இந்த லட்சணம்தான். குடியுரிமை பெறும் வழியையும் அதே சட்டம்தான் திறந்தது. பஞ்சாபில் பிறந்த தலீப் சிங் சௌந்த் அதன்படி 1949-இல் குடிமகனாகி, 1956-இல் கலிபோர்னியாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கே தேர்வானார்.