தலைக்காயத்துக்கு விசரா பதில் சொல்லாது

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர். என் தம்பி (34) இன்னொருவரோடு கூட்டாக ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். போன மே மாதம், காய் இறக்கும் நேரத்தில், இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் தோப்புக் கிணற்றில் பிணமாக மிதந்தான். பின்னந்தலையில் காயம் இருந்தது. கூட்டாளியோடு பணத் தகராறு இருந்ததை ஸ்டேஷனில் சொன்னோம். "குடிச்சிட்டு விழுந்திருப்பார்" என்று சொல்லி, சந்தேக மரணமாக வழக்குப் போட்டார்கள். கிணற்றடியை செல்போனில் நாலு படம் எடுத்ததோடு சரி, தடயவியல் ஆட்கள் யாரும் வரவில்லை. விசரா ரிப்போர்ட் (உள்ளுறுப்புகளின் ரசாயனப் பரிசோதனை அறிக்கை) வந்த பிறகுதான் சாவுக்குக் காரணம் சொல்ல முடியும் என்று டாக்டர் எழுதிவிட்டார். ஏழு மாதமாக அந்த ரிப்போர்ட் வரவில்லை. தோப்புக் கொட்டகையில் எங்களுக்குக் கிடைத்த ரத்தக்கறை படிந்த துண்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். கூட்டாளிக்கு உண்மை கண்டறியும் சோதனை செய்யச் சொல்லலாமா? வங்கியில் 20 ரூபாய் பிடித்த விபத்துக் காப்பீட்டுப் பணமும் நிற்கிறது. தம்பிக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். உடலைப் புதைத்திருக்கிறோம்.

பதில்: அம்மா, முதலில் அந்தத் துண்டு. இன்றைக்கே அதை பிளாஸ்டிக் கவரிலிருந்து வெளியே எடுங்கள். கையில் சுத்தமான உறை போட்டுக்கொள்ளுங்கள். துவைக்காதீர்கள், உதறாதீர்கள், வெயிலில் போடாதீர்கள். ஈரம் இருந்தால் வீட்டுக்குள் நிழலில் சுத்தமான காகிதத்தின் மேல் பரப்பிக் காயவிட்டு, பழுப்புக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும், ரத்தத்தில் உள்ள டி.என்.ஏ. சிதையும். நான் நடத்திய ஒரு வழக்கில் ஈர வேட்டியை அப்படியே பாலித்தீன் பையில் கட்டி சீல் வைத்து அனுப்பியிருந்தார்கள். கறை மக்கிவிட்டது, ரத்த வகை அறிய முடியவில்லை என்று ஆய்வகம் ஒரே வரியில் திருப்பி எழுதிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது.

பிறகு அதை விசாரணை அதிகாரியிடம் எழுத்துமூலம் ஒப்படையுங்கள். யார், எந்தத் தேதியில், கொட்டகையில் எந்த இடத்தில் எடுத்தது, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று மனுவில் மறைக்காமல் எழுதுங்கள். பிளாஸ்டிக் கவரில் இருந்ததையும் எழுதுங்கள், அந்தக் கவரையும் தனியாகக் கொடுங்கள். கைப்பற்றும் மகஜர் (பொருளைக் கைப்பற்றியதற்கான எழுத்துப் பதிவு) எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, பாரம் 95 மூலம் கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஏழு மாதம் உங்கள் பீரோவில் இருந்த துண்டை நாளைக்கு கோர்ட்டில் கிழிப்பார்கள், நானே எதிர்த்தரப்பில் இருந்தாலும் கிழிப்பேன். ஆனாலும் கொடுத்துவிடுங்கள். அதில் இருப்பது மனித ரத்தம்தானா, உங்கள் தம்பியுடையதா என்று பார்க்கலாம். ஒப்பிட அவர் பிள்ளைகளின் ரத்த மாதிரி உதவும்.

இனி விசரா. நச்சு உண்டா என்று ரசாயனப் பரிசோதனை செய்வது நம் ஊருக்குப் புதிதல்ல, 1849-லேயே சென்னையில் அதற்கென்று ஓர் ஆய்வகம் வைத்தார்கள். இன்றும் முறை ஏறத்தாழ அதேதான். இரைப்பை, சிறுகுடலில் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகம் இவற்றில் துண்டு எடுத்து, உப்புக் கரைசல் ஊற்றிய புட்டியில் அடைத்து அனுப்புவார்கள். அங்கே பூச்சிமருந்து உண்டா, சாராயம் உண்டா என்று பார்ப்பார்கள். பின்னந்தலையில் அடித்தது யார் என்றோ, அது அடியா விழுந்ததா என்றோ அந்தப் புட்டி சொல்லாது. ஏழு மாதமாக நீங்கள் காத்திருப்பது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஒரு காகிதத்துக்காக. நாளைக்கே "நச்சு இல்லை, சாராயம் உண்டு" என்று வந்தால், "பார்த்தீர்களா, குடித்துவிட்டு விழுந்ததுதான்" என்று ஃபைலை மூடிவிடுவார்கள். இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மே மாத வெயிலில், கிணற்றில் கிடந்து அழுகிய உடலில் சாராயம் தானாகவே கொஞ்சம் உண்டாகும். அதனால் சாராயம் இருந்ததென்ற ஒரு வார்த்தையை வைத்து அவர் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட முடியாது. எவ்வளவு இருந்தது, எந்த உறுப்பில் இருந்தது என்று கேட்க வேண்டும்.

நீங்கள் பிடிக்க வேண்டியது உடற்கூறாய்வுச் சான்றின் நகலை. அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, தலைத்தோலின் உட்புறம் ரத்தம் உறைந்திருந்ததா, மண்டை ஓட்டில் விரிசல் உண்டா. தண்ணீரில் கிடந்த உடலில் வெளிக்காயம் கழுவிப்போய் வெளிறித் தெரியும், ஆனால் உயிரோடு இருக்கும்போது பட்ட அடி தோலுக்கு அடியில் ரத்தக் கட்டாக நிற்கும். இரண்டாவது, நுரையீரலும் மூச்சுக்குழாயும் எப்படி இருந்தன. மூன்றாவது, நெஞ்செலும்பையோ தொடை எலும்பையோ டயாட்டம் சோதனைக்கு எடுத்தார்களா. டயாட்டம் என்பது தண்ணீரில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பாசி. மணல்துகள் போன்ற கெட்டியான ஓடு அதற்கு உண்டு. உயிரோடு மூழ்குகிறவன் தண்ணீரை மூச்சாக இழுக்கும்போது அது நுரையீரலில் புகுந்து, ரத்தத்தில் ஏறி, எலும்பு மஜ்ஜை வரை போய்விடும். இதயம் நின்ற பிறகு கிணற்றில் போடப்பட்ட உடலில் அது மஜ்ஜை வரை போவதற்கு வழியில்லை. இதை ஒப்பிட அதே கிணற்றுத் தண்ணீரும் வேண்டும். தண்ணீர் எடுத்தார்களா என்பதை மகஜரில் பாருங்கள். இந்தச் சோதனையும் தெய்வவாக்கு அல்ல. மூழ்கி இறந்தவர்களிடமும் சில சமயம் டயாட்டம் கிடைக்காமல் போகும். மற்றவற்றோடு சேர்த்துத்தான் பேசும்.

இவற்றைக் கேள்விகளாக எழுதி டாக்டரிடம் இறுதிக் கருத்து கேட்கும்படி விசாரணை அதிகாரிக்கு மனு கொடுங்கள்: காயம் சாவுக்கு முன் பட்டதா, அந்தக் கிணற்றுச் சுவரில் மோதினால் அந்த இடத்தில் அந்த அளவில் காயம் படுமா, மூழ்கித்தான் இறந்தாரா. டாக்டரானாலும் ஆய்வகமானாலும், கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதுவார்கள். கிணற்றின் ஆழம், தண்ணீர் மட்டம், சுவரில் துருத்திய கல் எல்லாம் பார்வை மகஜரிலும் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பதிவு) வரைபடத்திலும் இல்லையென்றால் டாக்டரும் எதை வைத்துச் சொல்வார்?

விசரா எங்கே நிற்கிறது என்பதையும் கண்டுபிடியுங்கள். நம் மாநிலத்தில் இத்தகைய பொருட்கள் பெரும்பாலும் குற்றவியல் நடுவரின் கடிதத்தோடுதான் வட்டார தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். அந்தக் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் கோர்ட் எழுத்தரிடம் கேளுங்கள். புட்டி ஆய்வகத்துக்கே போகாமல் மருத்துவமனை அலமாரியில் இருந்த கதைகளையும் நான் பார்த்திருக்கிறேன். 2014-ல் ஜோஷிந்தர் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கண்டித்தது. நச்சு சந்தேகம் இருக்கும் வழக்கில் விசராவை ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கையை கோர்ட்டில் சேர்ப்பது அரசுத் தரப்பின் கடமை என்றது.

தடயவியல் ஆட்கள் வரவில்லை என்கிறீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும், அதைப் படம் பிடிக்க வேண்டும் என்கிறது. அதைக் கட்டாயமாக்கும் தேதியை மாநில அரசு ஐந்து வருடத்துக்குள் அறிவிக்கலாம். உங்கள் வழக்கு 194-ஆம் பிரிவில், அதாவது பழைய சட்டத்தின் 174-ல், வெறும் சந்தேக மரணமாக இருக்கிறது. அது குற்றப் பிரிவே அல்ல, அதனால் அந்தக் கடமை கிளம்பவே இல்லை. எனவே பிரிவை மாற்ற வைப்பதுதான் முதல் சண்டை. தம்பி மனைவி பெயரில் கொலைச் சந்தேகப் புகார் எழுதுங்கள், பாதிக்கப்பட்டவர் என்ற உரிமை அவருக்குத்தான் நேராக இருக்கிறது. ஸ்டேஷனில் எடுக்கவில்லையென்றால் 173(4)-ன்படி மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்கும் அசையவில்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு நடுவரிடம் 175(3) மனு. 2013-ல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்னதை மனுவில் சேருங்கள்: பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் தெரியவந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். 194-ல் போலீஸ் எழுதிய அறிக்கை 24 மணி நேரத்துக்குள் கலெக்டருக்கோ கோட்டாட்சியருக்கோ போயிருக்க வேண்டும். அதன் நகலையும் கேளுங்கள். காயத்தை அதில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் பாதி வழக்கு தெரிந்துவிடும்.

உடலைப் புதைத்திருப்பது ஒரு விதத்தில் நல்லது. மண்டை ஓட்டு விரிசல் வருடக்கணக்கில் அழியாது. சான்றில் தலையைப் பற்றி ஒழுங்காக எழுதவில்லையென்றால் மட்டும் தோண்டி எடுத்து மறு ஆய்வு கேட்போம். இப்போதே அதற்குப் பறக்க வேண்டாம்.

உண்மை கண்டறியும் சோதனைக்குக் கூட்டாளியைக் கட்டாயப்படுத்த முடியாது. 2010-ல் செல்வி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதை முடித்துவிட்டது. அவரே சம்மதித்தாலும் அந்த முடிவு மட்டும் சாட்சியமாகாது. டி.வி. தொடர்களைப் பார்த்து இதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அதைவிட இருவரின் செல்போன் அழைப்புப் பதிவும் டவர் விவரமும் உருப்படியானவை. நிறுவனங்கள் அவற்றை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், ஆகவே இன்னும் கிடைக்கும். கேட்கச் சொல்லி மனுவில் எழுதுங்கள். தம்பியின் போனில் கூட்டாளி அனுப்பிய குரல் பதிவு எதுவும் இருந்தால் மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டு அழிக்காதீர்கள். மூலப் போனே வேண்டும், கூடவே மின்னணுப் பதிவுக்காக சாக்ஷ்ய (சாட்சிய) சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றும் வேண்டும்.

காப்பீட்டுக்கு: அந்த 20 ரூபாய்த் திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். கொலையானாலும் உண்டு, தற்கொலையானால் இல்லை. அதனால்தான் வங்கி இறுதிக் கருத்தைக் கேட்கிறது. மனு கொடுக்கத் தாமதமாகியிருந்தால், சந்தேக மரணமாகப் போட்டிருக்கும் எப்.ஐ.ஆர்., உடற்கூறாய்வுச் சான்று இரண்டையும் வைத்து, விசரா நிலுவையில் இருப்பதை எழுதி, தம்பி மனைவி உடனே கொடுத்து ஒப்புகை வாங்கட்டும். டாக்டரின் கருத்து வந்ததும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

உடற்கூறாய்வுச் சான்று கையில் கிடைத்ததும் உங்கள் பகுதி வக்கீலிடம் காட்டுங்கள். தலைக்காயப் பத்தியை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.