அப்பா அம்மாவோடு ஃப்ளோரிடா கீஸ்: மயாமியிலிருந்து ஒரே நாளில் கீ வெஸ்ட் போய் வரலாமா? வழியில் விலங்குகள் பார்க்க ஏதாவது உண்டா?

போய் வரலாம். கீஸ் என்பது ஃப்ளோரிடாவின் தெற்கே கடலுக்குள் நீளும் தீவு வரிசை, கீ என்றால் குட்டித் தீவு. மயாமியிலிருந்து, ரோடு முடியும் கீ வெஸ்ட் 160 மைல் சொச்சம். மூன்றரை மணி நேரம் என்று மேப் காட்டும். விடியற்காலையில் கிளம்பி, தெற்கு முனையில் கலர் அடித்து நிறுத்தியிருக்கும் மிதவை வடிவ கான்கிரீட் தூண் முன்னால் வரிசையில் நின்று போட்டோ எடுத்து, ஒரு கீ லைம் பை சாப்பிட்டு, நடுராத்திரிக்குள் திரும்பிவிடலாம். நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆனால் நீங்கள் விலங்குகள் என்று கேட்டுவிட்டீர்கள். கூடவே அப்பா அம்மா என்கிறீர்கள். அவர்களுக்கு அறுபத்தைந்து எழுபது வயது இருக்கும், சர்க்கரை மாத்திரை இருக்கும், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் பாத்ரூமுக்கு நிறுத்த வேண்டியிருக்கும் என்று நானே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒரே நாள் வேண்டாம். வழியில் இருக்கும் மாரத்தான் என்ற ஊரிலோ பிக் பைன் கீ என்ற தீவிலோ ஒரு ராத்திரி தங்குங்கள். கீ வெஸ்ட்டை விட அங்கே வாடகையும் பொதுவாகக் குறைவு.

(கீ வெஸ்ட் மோசம் என்று நான் சொல்லவே இல்லை. ஹெமிங்வே வீட்டில் ஆறு விரல் பூனைகள், தெருவெல்லாம் கேட்பாரில்லாமல் திரியும் சேவல்கள், மல்லரி சதுக்கத்து சூரிய அஸ்தமனம் எல்லாம் எனக்கும் பிடிக்கும். கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.)

நான் சொல்ல வருவது பிக் பைன் கீ பற்றி. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு குட்டி மான் அந்தத் தீவிலும் சுற்றியுள்ள சில தீவுகளிலும் மட்டும் இருக்கிறது. கீ மான் என்பார்கள். அமெரிக்கா முழுக்கத் திரியும் வெள்ளைவால் மானின் கிளையினம்தான், ஆனால் வளர்ந்த கடாவே தோள் வரை இரண்டரை அடிதான் வரும், எடை முப்பது கிலோ சுமார். வேட்டையாடி வேட்டையாடி ஒரு காலத்தில் ஐம்பதுக்கும் கீழே போய்விட்டது. 1957இல் சரணாலயம் அமைத்த பிறகு மெல்ல ஏறி இப்போது நூற்றுக்கணக்கில் இருக்கிறது.

நாங்கள் போனது அப்பா, அம்மா, என் சகலை குடும்பம் என்று இரண்டு வண்டியில். சகலையிடம் பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் உண்டு. அதில் மான் இல்லை. "மானைப் பார்க்கவா இவ்ளோ தூரம்? கிண்டிக்குப் போனா ஆயிரம் மான் பார்க்கலாமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவி உட்பட. அந்தக் கடுப்பில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேனோ என்னவோ. கிண்டியில் இருப்பது புள்ளிமானும் வெளிமானும், அதுவும் ஊருக்கு நடுவே அடைபட்ட காட்டில். இங்கே மானுக்கென்று தனியாக ஒரு இடமே கிடையாது. வீட்டு முற்றம், தபால் பெட்டி, குப்பைத் தொட்டி, சர்ச் வாசல் எல்லாமே அதன் இடம்தான்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் நோ நேம் கீ பக்கம் போகும் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டினோம். முதலில் ஒன்றுமில்லை, கொசுதான். அப்புறம் ஒரு பெட்டை புதரிலிருந்து இறங்கி வந்தது. பின்னாலேயே ஒரு கடா, கொம்பில் இன்னும் தோல் உரியாமல் வெல்வெட் போல மூடியிருந்தது. அப்பாவின் இடுப்பு பெல்ட் உயரம்கூட இல்லை. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் அவர் செருப்புக்கு முன்னால் இருந்த புல்லைக் கடித்தது. காதில் உண்ணி ஒட்டியிருந்ததுகூடத் தெரிந்தது. அம்மா பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துவிட்டார், நான்தான் பிடுங்கி வைத்தேன். சாப்பிடக் கொடுப்பது சட்டப்படி குற்றம், சும்மா போர்டுக்காக இல்லை. கையிலிருந்து தின்று பழகிய மான் கார் சத்தம் கேட்டதும் ஓடி வரும். இந்த மான்கள் சாவதில் பெரும்பங்கு வண்டியில் அடிபட்டுத்தான். அதனால்தான் பிக் பைனில் மெயின் ரோட்டில் பகலில் 45, ராத்திரி 35 மைல்தான் வேகம். அந்த 35ஐத் தாண்டாதீர்கள்.

அப்பா சின்ன வயதில் மாடு மேய்த்தவர். அவரிடம் 2016இல் நடந்ததைச் சொன்னேன். அந்த வருஷம் இந்த மான்களுக்குப் புண்ணில் புழு வைத்தது. புழு என்றால் சாதாரணப் புழு இல்லை, உயிருள்ள சதையையே தின்னும் ஸ்க்ரூவர்ம் என்ற ஈயின் புழு. முப்பது வருஷத்துக்கு மேல் அமெரிக்காவில் தலைகாட்டாமல் இருந்தது திடீரென்று இந்தத் தீவில் வந்துவிட்டது. சண்டை போட்டுக் கழுத்தில் காயம்பட்ட கடாக்கள்தான் அதிகம் செத்தன. 130க்கும் மேல். "வேப்பெண்ணெய் ஊத்த வேண்டியதுதானே" என்றார் அப்பா. ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள். ரொட்டித் துண்டில் மருந்தை வைத்து மானுக்குக் கொடுத்தார்கள். யாரும் ஊட்டக் கூடாத மானுக்கு அந்த ஒரு தடவை தன்னார்வலர்கள் ஊட்டினார்கள்.

இன்னொரு பக்கம், கதிர்வீச்சில் மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் கொண்டுவந்து விட்டார்கள். பெட்டை ஈ பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே தடவைதான் இணையும். மலட்டு ஆணோடு இணைந்தால் முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். 2017 மார்ச்சில் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் இர்மா புயல் பக்கத்து கட்ஜோ கீயில் கரையேறியது, அது வேறு கதை. "ஈக்குக் குடும்பக் கட்டுப்பாடா!" என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஊருக்குப் போயும் தெருவில் எல்லோரிடமும் சொன்னது இந்த ஈ கதையைத்தான். மிதவை போட்டோவை யாருக்கும் காட்டியதாகத் தெரியவில்லை.

பிக் பைனிலேயே ப்ளூ ஹோல் என்று ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது. கல் எடுத்த பள்ளத்தில் நல்ல தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஆமை, பறவை நிச்சயம். முதலை இருந்தால் அதிர்ஷ்டம். நடை கொஞ்சம்தான், பெரியவர்களுக்குச் சிரமமில்லை.

அடுத்தது மாரத்தானில் ஆமை மருத்துவமனை. மோட்டல் நடத்திக்கொண்டிருந்த ஒருவர் 1986இல் ஆரம்பித்தது. படகு மோதி ஓடு பிளந்த ஆமைகள், தூண்டில் நரம்பு சுற்றியவை, கண்ணையே மூடும் அளவுக்குப் பூப்பூவாய்க் கட்டி வளர்ந்த பச்சை ஆமைகள். அந்தக் கட்டி ஒரு ஹெர்பஸ் வகை வைரஸோடு தொடர்புள்ள நோய், லேசர் வைத்து வெட்டுகிறார்கள். தொட்டியில் ஒரு பெரிய ஆமை பின்பக்கம் தூக்கியபடியே நீந்திக்கொண்டிருந்தது. படகு அடித்ததில் ஓட்டுக்குள் காற்று மாட்டிக்கொண்டது, இனி முங்க முடியாது. சமன் செய்ய ஓட்டின் மேல் எடைக்கட்டி ஒட்டியிருந்தார்கள். ஓட்டின் மேல்தகடு உரிய உரிய அந்த எடையும் கழன்றுவிடும், மறுபடி ஒட்ட வேண்டும், ஆயுசு முழுக்க. கல்லூரி நாளில் பெசன்ட் நகர் கடற்கரையில் ராத்திரி ஆமை நடை போனவன் நான். மணலில் தடம் பார்த்து முட்டை தேடியிருக்கிறேனே தவிர, அடிபட்ட ஆமைக்கு இப்படி ஒரு வார்டு இருக்கும் என்று நினைத்ததில்லை. வழிகாட்டியோடு ஒன்றரை மணி நேரச் சுற்று, முன்பதிவு அவசியம்.

வழியில் இஸ்லாமொராடாவில் வாளியில் சின்ன மீன் வாங்கி டார்ப்பன் என்ற ஆளுயர மீன்களுக்குப் போடும் படகுத்துறை இருக்கிறது. குழந்தைகள் குதிப்பார்கள், பெலிகன்கள் வாளியையே தட்டிப் பறிக்கும். மானுக்குப் போடாதே என்றவன் மீனுக்கு மட்டும் போடச் சொல்கிறானே என்று கேட்பீர்கள். நான் போடவில்லை, வேடிக்கைதான் பார்த்தேன். கீ லார்கோவில் பென்னகேம்ப் பூங்காவில் பவளப்பாறை பார்க்க அடியில் கண்ணாடி வைத்த படகு உண்டு. அலை இருந்தால் பெரியவர்களுக்குக் குமட்டும். தவிர 2023 கோடையில் கடல் வெந்நீராகி பவளமெல்லாம் வெளுத்துவிட்டது. பழைய போட்டோக்களின் நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

மாரத்தானுக்கும் பிக் பைனுக்கும் நடுவில் கடல் மேல் போகும் ஏழு மைல் பாலம் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். ஓட்டுகிறவனுக்கு அதில் தெரிவது முன்னால் போகும் படகு டிரெய்லரின் பின்பக்கம் மட்டும்தான். பின் சீட்டில் எல்லோரும் "ஐயோ கடலைப் பாரு" என்பார்கள். ஒருத்தர்கூட "நீ கொஞ்சம் உக்காரு, நான் ஓட்டுறேன்" என்று சொன்னதில்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் நான்தான் டிரைவர், நான்தான் கைடு, பெட்ரோலும் நான்தான். போதாக்குறைக்கு தங்கிய இடத்தில் ரிசார்ட் ஃபீ என்று தனியாகப் பிடுங்கினார்கள். நீச்சல் குளத்தை நாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டால் துண்டுக்கும் வைஃபைக்கும் என்றார்கள். பதிவு செய்யும்போதே மொத்தத் தொகையைப் பார்த்துவிடுங்கள். சரி, அதை விடுங்கள். ஓட்டுகிறவருக்கும் கடல் தெரிய வேண்டுமானால் பழைய பாலம் இருக்கிறது. 1912இல் ரயிலுக்காக முடித்தது. 1935 புயலில் தண்டவாளம் போய், 1938இல் அதன் மேலேயே கார் ரோடு போட்டார்கள். பிஜன் கீ என்ற குட்டித் தீவு வரை 2.2 மைல் இப்போது நடக்கவும் சைக்கிளுக்கும் மட்டும். காலையில் போங்கள், நிழலே கிடையாது.

முகவரி கேட்டால் மைல் எண் சொல்வார்கள். கீ வெஸ்ட் பூஜ்யம், ஆமை மருத்துவமனை 48.5, பாஹியா ஹோண்டா கடற்கரை 37, பிக் பைன் 30ஐ ஒட்டி. ரோட்டோரம் சின்னப் பச்சைப் பலகையில் எண் இருக்கும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் சீசன். சைவம் என்றால் கூலரில் தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள். மீன் இல்லாத மெனு கிடைப்பது கஷ்டம். ட்ரை டோர்டுகாஸ் கோட்டைக்கும் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கீ வெஸ்ட்டிலிருந்து இன்னும் 70 மைல் கடலில், முழு நாள் போய்விடும். அப்பா அம்மாவுக்கு அலை ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் அந்தக் கண்ணாடிப் படகில் பார்த்துக்கொண்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.