பம்ப் எஞ்சின் வைத்த மினி பைக் எவ்வளவு வேகம் போகும்? ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் பல்சக்கரம்) பல்லை வைத்தே சொல்ல முடியுமா?

சொல்லலாம். நீங்கள் கொடுத்த விவரம்: 196 சிசி தண்ணீர் பம்ப் எஞ்சின், கிளட்சில் 12 பல், பின் சக்கரத்தில் 72 பல், 145/70-6 டயர்.

72-ஐ 12-ஆல் வகுத்தால் 6. எஞ்சின் ஆறு சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. லோடு ஏறியிருக்கும்போது இந்த எஞ்சின்களைக் கவர்னர் (சுற்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) நிமிடத்துக்கு 3600 சுற்றுப் பக்கத்திலேயே நிறுத்திவிடும். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று.

அடுத்தது சுற்றளவு. டயரில் எழுதியிருப்பதை நம்பினால் 112 செ.மீ. வரும். ஆனால் ஆள் ஏறினால் டயர் அமுங்குமே! டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, நீங்கள் உட்கார்ந்தபடியே ஒரு முழுச் சுற்று தள்ளச் சொல்லி, டேப்பால் அளந்துவிடுங்கள். 108 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 648 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 39 கி.மீ.

இது உச்சவரம்பு. எஞ்சின் அந்த 3600-ஐ எட்டிப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி. 72 பல்லில் பிடிக்கும். சமதளத்தில் இந்த வேகத்துக்கு ஒரு குதிரைத்திறனை ஒட்டித்தான் தேவைப்படும். நம் பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைவு, எஞ்சின் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். அதுபோகவும் மிச்சம் இருக்கிறது.

பின்னால் 36 பல் போட்டால் காகிதத்தில் 78 கி.மீ. வரும், வண்டியில் வராது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி எட்டு மடங்கு. அதைவிட மோசம், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிளட்ச் நெடுநேரம் வழுக்கி, சூடேறி, கருகும். பீன்யா தொழிற்பேட்டையில் ஸ்ப்ராக்கெட் வெட்டக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் 60 பல்லோடு நிறுத்துங்கள். 47 கி.மீ. கிடைக்கும். அவ்வளவு சின்னச் சக்கரத்துக்கு அதுவே அதிகம்.

கவர்னரை மட்டும் கழற்றாதீர்கள். அந்த ஃப்ளைவீலும் கனெக்டிங் ராடும் அதற்கு மேலான சுற்றுக்குச் செய்யப்பட்டவை அல்ல. உடைந்தால் துண்டுகள் உங்கள் கால் பக்கம்தான் பறக்கும்.

அப்புறம், பதிவெண் இல்லாத வண்டி பொதுச் சாலைக்கு வரக் கூடாது. கல்லூரி மைதானத்தில் அனுமதி வாங்கி, பிளக் வயரில் சுற்றிவைத்து எஞ்சின் சுற்றைப் பார்க்கும் டேக்கோமீட்டரையும் போன் ஜிபிஎஸ்ஸையும் சேர்த்துப் பாருங்கள். டேக்கோவில் 3600 காட்டியும் ஜிபிஎஸ் 39-க்கு வெகுவாகக் கீழே நின்றால், கிளட்ச் வழுக்குகிறது.