அக்காள் மகளுக்கு என் தம்பியே மாப்பிள்ளை: நான் யாரிடம் சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 34. தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். என் அக்காள் மகளுக்கு 16 வயது முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அக்காள் கணவர் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அக்கா ஓசூர் பக்கம் கட்டட வேலைக்குப் போய் வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறாள். பெண் எங்கள் அம்மாவிடம் வளர்கிறாள். பேருந்தில் ஒரு பையனோடு அவள் பேசியதை யாரோ பார்த்துச் சொன்னதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. 28 வயதான என் தம்பிக்கே அவளைக் கட்டிவைப்பதென்று முடிவு செய்துவிட்டார்கள். வைகாசியில் குலதெய்வக் கோயிலில் தாலி மட்டும் கட்டிவிடலாம், 18 ஆன பிறகு குடும்பம் நடத்தட்டும் என்கிறார்கள். மாதவிலக்கு வந்தால் அவளுக்கு எட்டு, ஒன்பது நாட்கள் நிற்பதில்லை, தலைசுற்றி விழுகிறாள். ‘கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார் அம்மா. ‘சித்தி, நான் படிக்கணும், நீயாவது சொல்லு’ என்று என் கையைப் பிடித்து அழுதாள். புகார் செய்தால் அக்காவும் தம்பியும் ஜெயிலுக்குப் போவார்களோ, குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் எனக்கு வருமோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

சொல்ல வேண்டும் என்பதே என் பதில். வைகாசி வரை காத்திருக்காமல், இந்த வாரமே தொடங்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சித்தி. மாப்பிள்ளையாக வரப்போகிறவருக்கு அக்கா. இந்த இரண்டு உறவுகளும் உங்களை எதிரெதிர்த் திசையில் இழுப்பதாக நினைத்துத் தவிக்கிறீர்கள். உண்மையில் இரண்டும் உங்களை ஒரே பக்கம்தான் இழுக்கின்றன. இந்தத் திருமணம் நடந்தால் முதலில் உடைபவள் அந்தப் பெண். அவளை அடுத்து உங்கள் தம்பி.

தம்பியைப் பற்றிய பயத்திலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் கையைக் கட்டியிருப்பது அதுதான் என்று தோன்றுகிறது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, 18 வயது நிறையாத பெண்ணை மணக்கும் வயதுவந்த ஆணுக்கும், அதை நடத்திவைப்பவர்களுக்கும் 2 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ‘தாலி மட்டும் இப்போது, குடும்பம் பிறகு’ என்ற ஏற்பாட்டுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. தாலி கட்டுவதே குற்றம். அதோடு, தாலி கட்டிய பிறகு 28 வயது ஆணையும் 16 வயதுப் பெண்ணையும் ஒரே வீட்டுக்குள் இரண்டு ஆண்டுகள் தள்ளித்தள்ளி வைத்திருப்போம் என்ற வாக்குறுதியை யாராலும் காப்பாற்ற முடிவதில்லை. மனைவியே ஆனாலும் 18 வயது நிறையாதவளோடு உடலுறவு கொள்வது பாலியல் வன்கொடுமை என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி, சிறுமியைக் கர்ப்பமாக்கியவருக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டுகள்.

அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் நான் பணியாற்றிய ஆண்டுகளில் வந்த ஒரு பெண்ணை இன்னும் மறக்க முடியவில்லை. ஐந்து மாதக் கர்ப்பம். பதிவு செய்வதற்கு வயதுச் சான்று கேட்டபோது மாமியார் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது அவளுடைய பள்ளி அடையாள அட்டையை. சட்டப்படி நாங்கள் காவல் துறைக்குத் தகவல் தர வேண்டியிருந்தது. தராமல் இருப்பது எங்களுக்கும் குற்றம். அவள் பரிசோதனைக்கு உள்ளே சென்றபோது கழற்றிவிட்ட செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்த கணவனை அன்று மாலை அழைத்துச் சென்றார்கள். ஊரறிய, உறவறியத் தாலி கட்டிய தன்னை எதற்காக அழைத்துப் போகிறார்கள் என்பது கடைசிவரை அந்த இளைஞனுக்குப் புரியவில்லை. உங்கள் தம்பியை உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள். அக்காள் சொல்லைத் தட்ட முடியாமல் தலையாட்டியவராகவும் அவர் இருக்கலாம். ‘எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்’ என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

உங்கள் அக்காவைப் பற்றி ஒன்று. குழந்தைத் திருமணத்துக்குத் துணைபோகும் பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் தண்டனை உண்டு என்றாலும், பெண்களுக்கு அந்தப் பிரிவில் சிறைத்தண்டனை விதிக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. தவிர, திருமணத்துக்கு முன்பே தகவல் வந்துவிட்டால் அதிகாரிகள் முதலில் செய்ய முயல்வது தடுத்து நிறுத்துவதைத்தான். வழக்கு, கைது என்று போவதெல்லாம் பெரும்பாலும் தாலி ஏறிய பிறகுதான். எனவே, நீங்கள் முன்கூட்டிச் சொல்வதுதான் உங்கள் குடும்பத்தைச் சிறைக்குப் போகாமல் காக்கும்.

இனி அந்தப் பெண்ணின் உடலைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்தது, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று உங்கள் அம்மா சொன்ன அந்த ஒரு வரிதான். என் பணிக்காலம் முழுவதும் இதைக் கேட்டிருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் இதை நம்பி, வலியையும் உதிரப்போக்கையும் பொறுத்துக்கொண்டு, மருந்துக்குப் பதிலாக மாப்பிள்ளை தேடியிருக்கிறார்கள். கல்யாணம் எந்த நோய்க்கும் மருந்து அல்ல. பூப்பெய்திய முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயல்புதான்; ஆனால் 16 வயதில் ஒவ்வொரு மாதமும் எட்டு, ஒன்பது நாட்கள் உதிரம் போவதும் தலைசுற்றி விழுவதும் இயல்பல்ல. தைராய்டு சுரப்பியின் குறைபாடோ, சினைப்பையில் நீர்க்கட்டியோ, இரத்தம் உறையும் தன்மையில் பிறவியிலேயே உள்ள குறையோ காரணமாக இருக்கலாம், பரிசோதித்தால்தான் தெரியும். காரணம் எதுவாக இருந்தாலும், விளைவு இரத்தசோகை என்பது அநேகமாக உறுதி. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதாவது, இது உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் வந்த கதியல்ல. இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே நம் கண்ணுக்கு அது நோயாகத் தெரிவதில்லை.

அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். அவள் வயதில் 12 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகைதான். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறாளா என்று கேளுங்கள். மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடும் பிள்ளைகள் நிறைய. அது அந்த மாத்திரையின் இயல்பு, ஆபத்தில்லை. உணவுக்குப் பின் உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது. முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் களியும் நம் பக்கத்து உணவுதான், அதோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நல்லது. ஆனால், வெறும் கீரையால் ஈடுகட்டக்கூடிய அளவில் அவளுடைய உதிரப்போக்கு இல்லை என்றே உங்கள் விவரிப்பிலிருந்து நினைக்கிறேன். மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த உடம்போடு அவள் கருவுற்றால் என்ன ஆகும் என்பதை உங்கள் அம்மாவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் தாயின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருக வேண்டும். ஏற்கெனவே இரத்தம் இல்லாதவள் அதை எங்கிருந்து கொண்டுவருவாள்? பிரசவத்தில் சுமார் அரை லிட்டர் இரத்தம் போனால் ஆரோக்கியமான பெண் தாங்கிக்கொள்வாள். இரத்தசோகை உள்ளவளுக்கு அதே அளவு உயிருக்கு ஆபத்தாக முடியலாம். பூப்பெய்திவிட்டதாலேயே இடுப்பெலும்பு பிள்ளை பெறும் அளவுக்கு விரிந்துவிடுவதில்லை. அந்த வளர்ச்சி பூப்புக்குப் பின்னும் சில ஆண்டுகள் தொடர்கிறது. அதற்குள் பிரசவம் நேர்ந்தால் குழந்தை வழியில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். கர்ப்ப கால வலிப்பும் பிரசவத்துக்குப் பின் வரும் கிருமித்தொற்றும், இருபதுகளில் உள்ள தாய்மார்களைவிட இருபதுக்குக் கீழே உள்ளவர்களிடம் கூடுதலாக வருகின்றன. அவர்கள் பெறும் குழந்தைகள் எடைகுறைந்தும் குறைமாதத்திலும் பிறப்பதும் அதிகம். ‘நான் பதினைந்தில் பெற்றேனே’ என்று அம்மா கேட்கலாம். பிழைத்தவர்கள்தான் அப்படிக் கேட்க முடியும் என்பதை அவரிடம் கடுமையில்லாமல் சொல்லுங்கள். அவர் காலத்தில் பிரசவத்தில் இறந்துபோன உறவுக்காரப் பெண்கள் ஒருவரிருவராவது அவர் நினைவில் இருப்பார்கள்.

தாய்மாமன் உறவைப் பற்றியும் மறைக்காமல் எழுத வேண்டும். நம் ஊரில் அது உரிமையாகவும் பெருமையாகவும் கருதப்படுவதை அறிவேன். ஆனால், மாமனும் அக்காள் மகளும் மணக்கும்போது, ஒரே மரபணுக் குறையை இருவரும் சுமந்து அது பிள்ளைக்கு இரட்டையாகச் சேரும் வாய்ப்பு, அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தைவிட இரண்டு மடங்கு. அந்தப் பெண்ணுக்குப் பிறவிக் குறையால் வந்த உதிரப்போக்கு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது, 18 ஆன பிறகும்கூட இந்த இணைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடைமுறைக்கு வருகிறேன். முதலில் அந்தப் பெண்ணோடு தனியாகப் பேசி, அவள் விருப்பத்தை அவள் வாயாலேயே மறுபடியும் கேளுங்கள். அவளுக்குத் தெரியாமல் அவளுக்காக எதையும் செய்யாதீர்கள், இதுவரை எல்லோரும் செய்துவந்தது அதுதான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். அவளே அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம், அழைத்தவர் பெயரை வெளியிட மாட்டார்கள். தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், மாவட்ட சமூக நல அலுவலர்தான். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் விசாரித்தால் அவருடைய அலுவலகத்தைக் காட்டுவார்கள். தம்பியிடமும் அக்காவிடமும் பேசிப் பார்க்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ‘நான் புகார் செய்துவிடுவேன்’ என்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்ன வீடுகளில் வைகாசி முகூர்த்தம் இரவோடு இரவாக வேறு ஊர்க் கோயிலுக்கு மாறியிருக்கிறது. தேதி முன்னால் நகர்வதாகத் தெரிந்தால் அந்த நிமிடமே 1098க்கோ, அவசர உதவி எண்ணான 112க்கோ அழைத்துவிடுங்கள்.

அதிகாரிகள் வந்தால் பள்ளிச் சான்றிதழைக் கொண்டு வயதை உறுதிசெய்து, பெரியவர்களிடம் பேசி, 18 வயது வரை திருமணம் செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்குவார்கள். குடும்பம் இணங்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் தடையாணை பெறலாம். தடையாணையை மீறி நடக்கும் திருமணம் சட்டத்தின் பார்வையில் நடக்காத திருமணம். உடனே பெண்ணைக் குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. வீடு பாதுகாப்பில்லை என்று தெரிந்தால்தான் குழந்தைகள் நலக் குழு அதை யோசிக்கும். அப்போதும் ‘என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன்’ என்று சித்தியாக நீங்கள் கேட்கலாம்.

உங்கள் அக்காவைக் கெட்டவளாக நினைத்துப் பேசப் போகாதீர்கள். கணவனை இழந்து, வாரம் முழுவதும் சிமெண்ட் சட்டி சுமந்துகொண்டு, வயதுவந்த மகளை ஊரில் விட்டுவந்த நினைப்பிலேயே தூங்குகிறவளுக்கு, தம்பி கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் பிள்ளை நம் வீட்டிலேயே இருப்பாள் என்பது ஆறுதல். அந்தப் பயத்துக்கு வேறு விடை கொடுக்காமல் கல்யாணத்தை மட்டும் நிறுத்தினால் அடுத்த தை மாதம் வேறு மாப்பிள்ளை வருவான். தலைமையாசிரியரைப் பார்த்து, அரசு மாணவியர் விடுதியில் இடம் கேளுங்கள். தங்குவதற்கும் உணவுக்கும் கட்டணமில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், பன்னிரண்டு முடித்துக் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் வரும். முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களின் திருமணத்துக்குத் தந்துவந்த உதவியை, 2022இல் அரசு இப்படிப் படிப்புக்கு மாற்றியது. தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டமே கல்லூரிக்குப் பணம் கொடுக்கும் திட்டமாகிவிட்டது என்று அக்காவிடம் சொல்லிப் பாருங்கள். படிக்காத தாய்மாருக்கும் அது உடனே புரிகிறது.

பேருந்தில் பேசிய பையனைப் பற்றி அவளிடம் விசாரணை வேண்டாம். 16 வயதில் ஒரு பையனோடு பேசுவது தண்டனைக்குரிய செயல் அல்ல. தன் உடல், தன் எல்லை, யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதையெல்லாம் அதட்டாமல் கேட்கிற ஒரு பெரியவர் அவளுக்குத் தேவை, இப்போது அவள் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

ஒருவேளை உங்கள் பெயர் வெளியே தெரிந்து, உறவுகள் சில மாதம் பேசாமல் இருந்தால் அது வலிக்கும். வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால், அதிகாரிகள் எழுதி வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிச் சென்ற பிறகு, வீட்டிலுள்ள எல்லோருடைய கோபமும் திரும்பப்போவது அந்தப் பெண் மேல்தான். அன்று இரவு அவளை அங்கே தனியாக விடாமல் உங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். வரும்போது அவளுடைய புத்தகப் பையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.