இடுப்புக்கு ஒத்தடம், அப்புறம் ஆசனம்

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு 52 வயது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறேன். சாயங்காலம் ஆனால் இடுப்பும் தோளும் இறுகிப் போகின்றன. தூக்கமும் சரியில்லை. கோலாலம்பூரில் இருக்கும் மகள் ‘ஹாட் யோகா’ வகுப்பில் சேரச் சொல்கிறாள். வெயிலில் வேகிற உடம்புக்கு இன்னும் சூடு தேவையா? உலு சிலிம் வெந்நீர் ஊற்றில் ஊறினால் போதாதா? இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) கொஞ்சம் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன்.
– வாசகி, சிலிம் ரிவர்

பதில்: தங்கச்சி, மகள் அக்கறையில்தான் சொல்கிறாள். ஆனால் அந்த வகுப்பு உங்களுக்கு வேண்டாம். ஹாட் யோகாவில் பேர்பெற்ற வகை ஒன்றில், அறையை 40 டிகிரி வரை சூடேற்றி 26 ஆசனங்களை ஒன்றரை மணி நேரம் செய்யவைப்பார்கள். ஏர்கோன் அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது பிடிக்கலாம். காலைப் பெரட்டு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததிலிருந்து குனிந்து நிமிர்ந்து வியர்வையில் நனைந்தவருக்கு எதற்கு?

உடம்பு முழுவதையும் சூடேற்றுவது வேறு, வலிக்கிற இடத்துக்கு மட்டும் சூடு கொடுப்பது வேறு. சூடு பட்ட இடத்தில் ரத்தக் குழாய்கள் விரியும், இறுகிய தசை இளகும். அதன்பின் மெதுவாக நீட்டினால் உடம்பு முரண்டு பிடிக்காது. அதனால் ஒத்தடம் முதலில், ஆசனம் பிறகு.

வேலை முடிந்து வந்ததும் தொடங்காதீர்கள். தண்ணீர் குடித்து, குளித்து, வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, கொஞ்சம் ஆறவிட்டு, இடுப்பில் 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். சுடுநீர்ப் பை இருந்தால் கொதிக்கும் நீரை ஊற்றாமல், துண்டு சுற்றி வையுங்கள். அதன்மேல் படுத்துத் தூங்கிவிடக் கூடாது. தைலம் தேய்த்த இடத்தில் ஒத்தடமே வேண்டாம், தோல் வெந்துவிடும். நம் வீடுகளில் இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் திருப்தி!

அப்புறம் பாயில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு முழங்காலாக மார்பை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். அடுத்து, கெண்டைக்கால்கள் இரண்டையும் நாற்காலி மேல் வைத்து 10 நிமிடம் அப்படியே கிடங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். சும்மா படுத்திருப்பதுபோல்தான் இருக்கும். அடுப்பில் சோறு இருக்கிறது, துணி மடிக்கவில்லை என்று பாதியில் எழுந்துவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த 10 நிமிடம் சோற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். முழங்கால் இடம் கொடுத்தால், தலையணையைக் கட்டிக்கொண்டு குப்புற மடங்கும் பாலாசனமும் செய்யலாம். சூட்டில் வலி மரத்திருக்கும், அதனால் எதையும் எட்டிப் பிடித்து இழுக்காதீர்கள். கால் வரை மரத்துப் போனாலோ சுருக்கென்று இழுத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்தில் முதல் இரண்டு நாள் சூடு வைக்கவே கூடாது.

தூக்கத்துக்கு, படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் இதமான வெந்நீரில் குளியுங்கள். கை கால்களில் ரத்த ஓட்டம் கூடி, உள்ளே இருக்கும் சூடு வெளியேறும். உடம்பு அப்படிக் குளிர்வதுதான் தூக்கத்தை வரவழைக்கிறது.

கடைசி வரியில் போகிற போக்கில் இனிப்பு நீர் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முதல் கவலை. பல ஆண்டு சர்க்கரை, பாதத்தின் உணர்ச்சியைக் கெடுத்துவிடலாம். சுடுவதே தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அந்தப் புண்ணும் லேசில் ஆறாது. காலுக்கு ஒத்தடமோ சுடுநீர்ப் பையோ வேண்டாம். இடுப்புக்கு வைக்கும்போதும் முன்கையின் உள்பக்கத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள்.

உலு சிலிம் ஊற்றுக்கும் இதே கணக்குத்தான். அங்கே ஊற்றுக்கண் அருகே தண்ணீர் கொதிக்கிற சூடு. அடுத்த முறை மாத்திரை வாங்க அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது, பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். டாக்டர் சரி என்றால், ஆறிய தொட்டியாகப் பார்த்து 10 நிமிடம் இறங்கலாம், மகளையும் கூட்டிக்கொண்டு.