கணினி கேள்வி பதில்: பழைய டிவிடி ரைட்டரை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: சார், பழைய டெஸ்க்டாப்பிலிருந்து கழற்றிய டிவிடி ரைட்டர் ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கினேன். அக்காவின் கல்யாண டிவிடி இரண்டையும் நகல் எடுக்க வேண்டும். இந்த டிரைவால் என்னென்ன முடியும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அக்காவின் டிவிடியை இப்போதைக்கு அந்த டிரைவுக்குள் போடாதீர்கள். சோதனை எல்லாம் முடிந்த பிறகு போட்டால் போதும்.

ஒரு டிரைவால் என்ன முடியும் என்பதை அந்த டிரைவிடமே கேட்கலாம், அதன் ஃபர்ம்வேரிலேயே, அதாவது டிரைவுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளிலேயே, அந்த விவரம் இருக்கிறது. விண்டோஸ் என்றால் இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளை நிறுவி, டூல்ஸ் மெனுவில் டிரைவ், அதற்குள் கேப்பபிலிட்டீஸ் என்று போங்கள். எந்தெந்த வகை டிஸ்க்கைப் படிக்கும், எதிலெல்லாம் எழுதும் என்று வரும். லினக்ஸில் எதையும் நிறுவக்கூட வேண்டாம், புராக், சிஸ், டெவ், சிடிராம் என்று ஒவ்வொரு கோப்புறையாக உள்ளே போய் இன்ஃபோ என்ற கோப்பைத் திறந்தால், முடியும் என்பதற்கு 1, முடியாது என்பதற்கு 0 என்று வரிசையாக இருக்கும். மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்ற இரண்டு வகை வெற்று டிவிடியையும் எழுதுமா, இரண்டு அடுக்காகப் பதியும் 8.5 ஜிபி டபுள் லேயர் டிஸ்க்கை எழுதுமா, இவற்றைப் பாருங்கள். லினக்ஸின் அந்த இன்ஃபோ கோப்பில் பிளஸ் ஆர், டபுள் லேயர் பற்றித் தனி வரி இருக்காது, அதற்கு இம்ஜ்பர்ன்தான். கல்யாண வீடியோ சில சமயம் டபுள் லேயரில் இருக்கும் என்பதால் இரண்டாவது உங்களுக்கு முக்கியம்.

ஆனால் இதெல்லாம் டிரைவ் புதிதாக இருந்தபோது அதற்கு இருந்த திறமை. பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்துத் தேய்ந்த லேசருக்கு இப்போது எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று ஃபர்ம்வேருக்குத் தெரியாது, எழுதிப் பார்த்தால்தான் தெரியும். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். குடும்பப் புகைப்படங்களை டிஸ்க் டிஸ்க்காக எழுதி, ஒவ்வொன்றுக்கும் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று வந்ததை நம்பி அலமாரியில் அடுக்கிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் திறக்கவில்லை. எழுதும் வேலை தடங்கல் இல்லாமல் முடிந்தது என்பதுதான் அந்தச் செய்திக்கு அர்த்தம், எழுதியதைத் திரும்பப் படிக்க முடியும் என்று அது சொல்லவே இல்லை.

அதனால் நல்ல டிஸ்க் ஒன்றை எடுத்து, முழுக்க நிரப்பி எழுதுங்கள். 4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் 4.38 ஜிபிதான் பிடிக்கும், அதுவரை வீடியோ கோப்புகளைப் போட்டு நிரப்புங்கள். ஏன் முழுக்க என்றால், டிவிடி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எழுதப்படுகிறது, தேய்ந்த டிரைவ் பெரும்பாலும் தடுமாறுவது விளிம்புக்கு அருகில்தான். படம் கிளைமாக்ஸில் வந்து நின்று போவது இதனால்தான். கொஞ்சமாக எழுதிப் பார்த்தால் இந்தக் குறை வெளியே வராது. எழுதத் தொடங்கும் முன் 'வெரிஃபை' என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள், முடிந்ததும் ஒவ்வொரு செக்டராகப் படித்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அப்புறம் டிஸ்க்கை டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள், எழுதிய பகுதி ஒரே சீரான நிறத்தில் தெரிய வேண்டும். நடுவில் திடீரென்று நிறம் மாறிய வளையமோ திட்டோ இருந்தால் அந்த இடத்தில் சந்தேகப்படுங்கள்.

'டெஸ்ட் ரைட்' என்று ஒரு வசதி இருக்கிறதே, டிஸ்க் வீணாகாமல் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அதில் லேசர் உண்மையில் சுடுவதில்லை, கணினியிலிருந்து தகவல் தடையில்லாமல் போகிறதா என்பது மட்டும்தான் தெரியும். பிளஸ் ஆர் டிஸ்க்கில் அந்த வசதியே கிடையாது.

சரி, இதெல்லாம் தேறிவிட்டால் அக்காவின் டிவிடியைப் போட்டு, முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழு டிஸ்க்கின் நகலும் அடங்கிய ஒரே கோப்பாக, எடுத்து வையுங்கள். அதிலிருந்து 8எக்ஸ் வேகத்தில், அதாவது டிவிடியின் அடிப்படை வேகத்தைப் போல எட்டு மடங்கில், எழுதுங்கள், 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றுக்குச் சுமார் எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். ஐஎஸ்ஓவை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: என் ரைட்டரில் 16எக்ஸ் என்று போட்டிருக்கிறது. சோதித்தால் 6எக்ஸில்தான் ஆரம்பிக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: இல்லை, அது சரியாகத்தான் வேலை செய்கிறது. டிஸ்க் ஒரே சுற்று வேகத்தில் சுழல்கிறது, உள்வட்டம் சின்னது என்பதால் ஒரு சுற்றில் குறைவான தகவல்தான் கிடைக்கும், விளிம்புக்குப் போகப் போக அதிகமாகும். 6 அல்லது 7எக்ஸில் தொடங்கி விளிம்பில் 16எக்ஸைத் தொடுவதுதான் இயல்பு. டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்குச் சுமார் 1.35 எம்பி, சிடியின் 1எக்ஸோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், சிடியில் அது 150 கேபிதான். நீரோ டிஸ்க்ஸ்பீடு என்ற மென்பொருளில் டிரான்ஸ்ஃபர் ரேட் சோதனை போட்டால் இந்த ஏற்றம் ஒரு கோடாக வரும். கோடு வழவழவென்று ஏறினால் நல்லது. நடுவில் கிணறு மாதிரி விழுந்து எழுந்தால், அந்த இடத்தில் படிக்கத் திணறுகிறது என்று அர்த்தம். அதே டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள், அங்கேயும் அதே இடத்தில் விழுந்தால் குறை டிஸ்க்கில்தான்.

கேள்வி: சிடி நன்றாக ஓடுகிறது. டிவிடி போட்டால் டிரைவ் கண்டுகொள்வதே இல்லை. கேபிள் மாற்றவா?
(வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். கேபிளில் கோளாறு என்றால் சிடியும் ஓடாது. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என்று இரண்டு லேசர்கள் உள்ளே இருக்கின்றன, ஒன்று போய் மற்றொன்று பிழைத்திருப்பது ரொம்ப சகஜம். லேப்டாப் டிரைவ் என்றால் டிரேயை இழுத்ததும் லென்ஸ் கண்ணுக்குத் தெரியும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் அழுத்தாமல் ஒரு தடவை துடைத்துவிட்டு, காய்ந்ததும் டிவிடி போட்டுப் பாருங்கள். அப்போதும் கண்டுகொள்ளவில்லை என்றால் பெரும்பாலும் டிவிடி லேசர் போய்விட்டது, டிரைவை மாற்றிவிடுங்கள்.