தரகர் அண்ணாச்சிக்கு இரண்டு பக்கமும் கமிஷன்: கொடுக்கலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. ரெட்டியார்பட்டி பக்கம் 5 சென்ட் மனை ஒன்றை இவரே அலைந்து பார்த்திருக்கிறார். காட்டிவிட்டவர் குடும்பத்துக்குத் தெரிந்த தரகர் அண்ணாச்சி. விற்பவருக்கும் அவர்தான் தரகர். சென்ட் நாலரை லட்சம், ஆளுக்கு 1 சதவீதம் கமிஷன் என்று பேச்சு. அப்புறம்தான் மனைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் ஒன்று தெரிந்திருக்கிறது: ‘சென்ட்டுக்கு 4 லட்சம் என் கைக்கு வந்தால் போதும்’ என்று விற்பவர் சொல்லியிருக்கிறாராம். ‘இது முறைதானா? கமிஷன் கொடுக்கணுமா? கேட்டால் அண்ணாச்சி மனசு கோணிடுமோ?’ என்பது அவர் கேள்வி.

இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது தப்பில்லை. நம் ஊரில் தரகு காலங்காலமாக அப்படித்தான் நடக்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தரகருக்கும் இருவருமே காசு கொடுப்பார்கள். ஆனால் அங்கே மாடு கண்ணெதிரே நிற்கிறது. பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். மனைக்குப் பல் பத்திரத்தில் இருக்கிறது. அதை நமக்குக் காட்டுவதும் தரகர்தான், விலை சொல்வதும் அவர்தான். இடம் காட்டுவது, ஆளைச் சேர்த்துவைப்பது, பத்திர நகல் வாங்கித் தருவது, இந்த மூன்றையும் ஒரே ஆள் இருவருக்கும் நேர்மையாகச் செய்யலாம். விலையை மட்டும் ஒரே ஆள் இருவருக்காகவும் பேச முடியாது. ஒருவருக்குக் கூட்டினால்தான் மற்றவருக்குக் குறையும்.

உங்கள் விஷயத்தில் அதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. நீங்கள் நினைக்கும் கணக்குப்படி அண்ணாச்சிக்கு உங்களிடம் 22,500, விற்பவரிடம் 22,500, மொத்தம் 45,000 ரூபாய். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது உண்மையானால், சென்ட்டுக்கு 50,000 வீதம் இரண்டரை லட்சம் ‘மேல் விலை’யாக அவருக்குப் போகிறது. ‘கைக்கு இவ்வளவு’ என்று சொன்ன விற்பவர் பெரும்பாலும் தனியாகக் கமிஷன் தரமாட்டார். உங்கள் 22,500-ஐயும் சேர்த்தால் 2,72,500. ‘மேலே வருவதை நீயே வச்சுக்கோ’ என்று விற்பவர் சம்மதித்திருக்கலாம். நீங்கள் சம்மதிக்கவில்லையே! உங்களுக்காக விலை பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, விலை ஏற ஏற தனக்கு லாபம் என்பதை மறைப்பதுதான் இதில் உள்ள தவறு.

பதிவு அலுவலக வாசலில் நான் பார்த்த ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. வேப்பமரத்தடி பெஞ்சில் விற்கும் பெரியவரும் வாங்கும் பையனும் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், பேசிக்கொள்ளவே இல்லை. நடுவில் தரகர் நின்றுகொண்டே இருந்தார். பத்திரத்தை வாசித்துக் காட்டியபோது தொகையைக் கேட்டு பெரியவர் நிமிர்ந்தார். சட்டைப்பையிலிருந்து நாள்காட்டித் தாள் ஒன்றை எடுத்து விரித்தார். அதில் பேனாவால் எழுதியிருந்த தொகை வேறு. அன்று பதிவு நடக்கவில்லை.

மேல் விலை கடைசியில் அங்கேதான் இடறும். பத்திரத்தில் எந்தத் தொகையை எழுதுவது? இருபத்திரண்டரை லட்சம் என்றால், கைக்கு வராத இரண்டரை லட்சமும் விற்பவரின் வருமான வரிக் கணக்கில் ஏறும். 20 லட்சம் என்று எழுதினால், நீங்கள் கொடுத்த மிச்சப் பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. பின்னால் நீங்கள் விற்கும்போது வாங்கிய விலையாக அதைக் காட்டவும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 215, 216 பிரிவுகள் இதைப் பேசுகின்றன. உங்களுக்காகச் செயல்பட நீங்கள் அமர்த்திய முகவர், உங்களுக்குத் தெரியாமல் அதே வியாபாரத்தைத் தன் கணக்கில் நடத்தி லாபம் பார்த்தால், அந்த லாபத்தை நீங்கள் கேட்கலாம். முக்கியமான விஷயத்தை அவர் வேண்டுமென்றே மறைத்திருந்தால் வியாபாரத்தையே மறுக்கவும் இடமுண்டு. ஆனால் அவர் உங்கள் முகவரா, வெறும் அறிமுகம் செய்துவைத்தவரா என்பதை நிரூபிக்க வேண்டும். எல்லாமே வாய்ப்பேச்சாக இருந்தால் அது லேசில்லை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் முகவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறதே என்று கேட்பீர்கள். அது அந்தச் சட்டப்படி பதிவாக வேண்டிய மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களுக்கு. மனைப்பிரிவு என்றால் பொதுவாக 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது 12 சென்ட்டுக்குச் சற்று அதிகம். தனி ஆள் தன் சொந்த மனையை விற்பது இதில் வராது.

அதனால் இப்போதே பாதுகாப்பைத் தேடிக்கொள்ளுங்கள். அட்வான்ஸை அண்ணாச்சி கையில் கொடுக்காதீர்கள், விற்பவரின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். நிலத்துக்கான பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. அப்படி ரொக்கம் வாங்கும் விற்பவருக்கு அதே அளவு அபராதம் வரும். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் அண்ணாச்சி காட்டும் ஆளிடம் பார்க்காமல், நீங்களே பார்த்துப் பணம் கொடுக்கும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வில்லங்கத்தில் அண்ணாச்சி பெயரிலோ அவர் வீட்டார் பெயரிலோ விற்பனை அக்ரிமெண்ட், பவர் (விற்பவருக்காகச் செயல்படும் அதிகாரப் பத்திரம்) ஏதாவது இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அவர் வெறும் தரகர் இல்லை, இந்த விற்பனையில் அவருக்கே நேரடி ஆதாயம் இருக்கலாம்.

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் பேரை இழுக்காமல் இப்படிச் சொல்லுங்கள்: “அண்ணாச்சி, ஒங்களுக்கு உள்ள ஒரு சதவீதத்தை நான் சந்தோஷமாத் தாரேன். வெலையை மட்டும் அவரும் நாங்களும் நேரா உக்காந்து பேசிக்கிடுதோம். நீங்களும் கூட இருங்க.” சரி என்றால், பேசியபடி பதிவு முடிந்த அன்றே அவர் கமிஷனை வங்கி வழியாகக் கொடுத்துவிடுங்கள், அலைந்த அலைச்சலுக்கு அது நியாயமான கூலி. விற்பவரை நேரில் பார்க்கவே விடமாட்டேன் என்று நின்றால், அட்வான்ஸ் கொடுக்காமல் அந்த மனையை விட்டுவிடுங்கள். ரெட்டியார்பட்டியில் வேறு மனை கிடைக்கும்.